மூன்றாம் அறிவுக்கு முதலாம் அறிவின் துணை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறார். உடம்பால் தொட்டறிவது முதலாம் அறிவு. நாவின் சுவை இரண்டாவது. மூக்கின் மோப்பம் மூன்றாவது. மூன்றாம் அறிவை இழந்தவருக்கு முதலாம் அறிவு கைகொடுக்குமா என்பது இன்று ஆய்வுகூடங்களில் எழுந்திருக்கும் கேள்வி.

கொவிட் வைரஸ் மூக்கின் மேற்பகுதியில் மோப்ப நரம்புகளைத் தாங்கிநிற்கும் கலங்களைத் தாக்கியது. பெரும்பாலானோருக்கு மணம் திரும்பி வந்தது, சிலருக்கு வரவில்லை. நாவிதன்வெளியில் எனக்குத் தெரிந்த சாச்சி ஒருவர், “கறி அடிப்பிடிச்சாலும் தெரியுதில்ல மகன், அத்தரும் தண்ணி போலதான்” எண்டு சொல்வார். அத்தர் மணக்காதது மனக்குறை. அடுப்படியிலோ அது உயிராபத்து. சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவை மூக்கு அறியட்டும் என்றுதான் எதைல் மெர்கப்டன் கலக்கிறார்கள். 2021 இறுதியில் நம் நாட்டில் வாயு அடுப்புகள் வெடித்த நாட்களில் இந்தப் பெயர் பலருக்கும் பழகிப்போனது. மோப்பம் இல்லாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது.

ஒரு புலனின் சேதியை வேறொரு புலன்வழி அனுப்புவது புதிய எண்ணமல்ல. 1969இல் போல் பாக்-இ-ரீட்டா, கமெரா பார்த்ததை 400 அதிரும் முனைகளால் பார்வையற்றோரின் முதுகில் வரைந்து காட்டினார். பழகியவர்கள் எதிரிலிருந்த பொருள்களை அடையாளம் சொன்னார்கள்.

மூக்கில் இதற்கு வசதியுண்டு. மோப்ப நரம்போடு, தொடுவுணர்வுக்குரிய முக்கிளை நரம்பும் அங்கே ஓடுகிறது. விக்ஸின் குளிர்ச்சியும் மிளகாய் வறுக்கும் காரமும் இதன் வழியே வருபவை. மோப்பம் போனாலும் பெரும்பாலும் இது மிஞ்சியிருக்கும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் செயற்கை மூக்கொன்று கண்டறியும் வாடையை மெல்லிய மின்துடிப்பாக்கி, இந்த நரம்புக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இதனால் மல்லிகை மணக்குமா? மணக்காது. மணங்களைப் பிரித்தறிய மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. ஏற்பிகளைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்சல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். சில துடிப்புகள் அத்தனைக்கும் ஈடாகா. ஆனால் “ஏதோ கசியுது, அடுப்பைப் பார்” எனும் சேதிக்கு அவை போதும்.

அக்கருவி கடைக்கு வரும்வரை இரண்டு வழிகள் உண்டு. ஜேர்மனியின் தோமஸ் ஹும்மல் 2009இல் சொன்ன பயிற்சி ஒன்று: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர்வது. எல்லோருக்கும் பலிக்காது; சிலருக்கு முன்னேற்றம் தந்திருக்கிறது. மற்றது, வாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி. அதுவும் புலன்மாற்றந்தான், மூக்கின் வேலையைக் காது பார்க்கிறது. மோப்பம் போனவர் இருக்கும் வீட்டில் முதலில் வாங்கவேண்டியது அதுதான்.