டிராக்டர் டயரில் முள் தைத்தலும் அதன் பரிகாரமும்

தாமிரவருணியின் வடகால், தென்கால் பாய்ச்சலில் ஏரலைச் சுற்றியுள்ள நஞ்சைகளிலும் வாழைத் தோட்டங்களிலும் உழவு, தொளியடிப்பு, பாரம் ஏற்றுதல் ஆகிய யாவும் இப்போது பெரும்பாலும் டிராக்டரைக் கொண்டே நடைபெறுகின்றன. காளைக்குக் காலில் முள் தைத்தால் அது நொண்டி நடந்து காட்டிவிடும். டயரோ காற்று பெரிதும் இறங்கிய பிறகே அறிவிக்கும். வாழைத்தார் நிறைத்த டிரெய்லர் வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் அமிழ்ந்து நின்றால் சந்தை வேளை தவறுவது ஒரு நஷ்டம்; குறுகிய கரையில் வண்டி சாய்ந்து மேலிருக்கும் ஆட்கள் அடியில் அகப்படுவது அதனினும் பெரிய அபாயம். ஆதலால் மிராசுதார்கள் இவ்விஷயத்தை டிரைவர் பொறுப்பென்று முற்றும் விட்டுவிடுதல் தகாது.

இப்பக்கத்தில் டயருக்கு முதற் சத்துரு சீமைக்கருவேல் முள். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டி, பழைய சென்னை மாகாணத்தில் 1877-ஆம் ஆண்டில் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் இம்மரம் வைத்து வளர்க்கப்பட்டது. விறகு கிடைத்தது மெய்யே. கூடவே முள்ளும் வந்து குளக்கரை, வாய்க்கால், தரிசு எங்கும் பரவிற்று. புன்செய்ப் பக்கத்தில் உடைமுள்ளும் இதற்குத் துணை. இவற்றின் காய்ந்த முள் டயரின் தடித்த ரப்பரையும் ஊடுருவிச் செல்லும். சென்ற பின் அடி ஒடிந்துபோக, முனைமட்டும் உள்ளே தங்கிவிடுதலே இதன் விசேஷக் கெடுதி. லாட ஆணி, உடைந்த கண்ணாடி, வெட்டிய மரக்கட்டைகளின் கூர் ஆகியவையும் காரணங்களே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் வடிந்த வயலில் மணலின்கீழ் முட்செத்தை மறைந்து கிடக்கக்கூடும். கால்நடையாக ஒருமுறை பார்த்து வாராமல் யந்திரத்தை இறக்கலாகாது.

காற்று இறங்கியது தெரிந்தவுடன் வண்டியை நிறுத்தவேண்டும். ‘இன்னும் ஒரு சால்தானே’ என்று ஓட்டினால், விளிம்புத் தகடு டயரை நசுக்குவதோடு டியூப் உள்ளே நகர்ந்து வால்வு அடியோடு பிய்ந்துவிடும். ஓர் ஒட்டில் தீரவேண்டிய வேலை புதுடியூப் செலவில் முடியும். டிரெய்லரைக் கழற்றி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியின் அடியில் அகன்ற பலகை இட்டுத் தூக்குக. தொளி வயலில் பலகையில்லாத ஜாக்கி சேற்றில் புதையுமேயன்றி வண்டியைத் தூக்காது. தொளியடிப்பில் பிடிப்பு வேண்டிப் பின்டயரில் முக்கால் பங்கு நீர் நிரப்புவோர் உண்டு. அத்தகைய டயரின் பாரம் மிகுதியாதலால், நீரை வடித்த பின்னரே அதைக் கழற்ற வேண்டும்.

வால்வு ஊசியை எடுத்துக் காற்று முழுவதும் வெளிப்பட்ட பின், முனை மழுங்கிய நெம்புகோலால் டயர் விளிம்பைத் தளர்த்துக. வழுக்குதலுக்குச் சோப்பு நீரே ஏற்றது. எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். டியூபை வெளியே எடுக்குமுன் அதற்கும் டயருக்கும் நேராக ஒரு சாக்குக்கட்டிக் கோடு இடுக. பின்பு டியூபில் சிறிது காற்றடித்து நீரில் அமிழ்த்த, குமிழி எழும் இடம் புலப்படும்; கோட்டைக்கொண்டு அதற்கு நேரான டயர்ப்பகுதியையும் அறியலாம். அவ்விடத்தை உட்புறமாகத் துணிப்பந்தால் துடைத்துத் தேடவேண்டும். வெறும் விரல் வைத்தால் முள் விரலைப் பதம் பார்க்கும். துணி சிக்கும் இடத்தில் முள்முனை இருக்கும்; அதை இடுக்கியால் பிடுங்கியாக வேண்டும். ஒட்டிய டியூப் மறுநாளே மீண்டும் ஓட்டையாகிறதென்ற முறையீட்டில் பெரும்பகுதி இத்தேடலை விட்டதனால் நேர்வதே. ஒட்டியவன்மேல் குறை சொல்லிப் பயனில்லை.

டியூபை நன்றாக உலர்த்தி, ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிடச் சற்று அகலமாக அரத்தால் சுரண்டித் தூசு துடைத்து, ரப்பர்க் கரைசலை மெல்லியதாகப் பூசுக. ஈரம் போய் விரலில் இலேசாக ஒட்டும் பதம் வரும்வரை பொறுத்து, ஒட்டை நடுவிலிருந்து ஓரம்நோக்கி அழுத்தவேண்டும். இப்பொறுமை பலருக்கு இல்லை. பாரம் இழுக்கும் சக்கரத்துக்குச் சூடேற்றி ஒட்டும் முறையே நீடித்து நிற்கும். ஆதலின் வயலில் போட்ட ஒட்டைப் பட்டறையில் மாற்றிக்கொள்வது நலம். டியூபில்லாத டயராயின் வெளியிலிருந்தே ரப்பர்த் திரியைச் செலுத்தி அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்திருப்பின் அதுவும் பயன்படாது.

மறுபடி பூட்டியபின் சிறிது காற்றடித்து, இறக்கி, திரும்ப அடித்தால் டியூபின் மடிப்பு நீங்கும். விளிம்பு பொருந்தவில்லையென்று சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டுக்குமேல் அடிப்பது உயிருக்கு அபாயம். காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி மீண்டும் முயல்க. அடிக்கும்போது டயருக்கு எதிரே நில்லாமல் ஒதுங்கி நிற்கவேண்டும். டயர் மாட்டியிருக்க ரிம்மில் பற்றவைப்பு வேலை செய்யவே கூடாது. உள்ளே வெப்பம் மிகுந்து டயர் வெடித்தால் அருகிலிருப்போர் மாள்வர்.

முள் தைக்காமலும் டயர் கெடுவதுண்டு. பின்டயருக்கு வயலில் ஏறக்குறைய 12 முதல் 16 பவுண்டு காற்று போதும். முன்டயருக்கும் டிரெய்லருக்கும் அதனினும் மிகுதி வேண்டும். யந்திரத்தோடு வரும் கைப்புத்தகத்தில் உரிய அளவைப் பார்த்து, காலையில் டயர் குளிர்ந்திருக்கையில் அளவியால் சோதிப்பதே முறை. காலால் உதைத்துப் பார்ப்பது சோதனையன்று. தேரி மணலில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பவர், தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்பாவிடில் பக்கச்சுவர் வெடிப்புறும்.

மூலகாரணத்தைக் களைவதில் கிராம அதிகாரிகளுக்கும் பங்குண்டு. வாய்க்கால் மராமத்திலும் குளக்கரை துப்புரவிலும் கருவேலின் தூரை விறகுக்கும் கரிக்கும் ஏலம் எடுப்போர், முள்வாதைப் பாதையிலேயே விட்டுச் செல்லுதல் சாதாரணம். முள்ளை ஓரிடத்தில் குவித்து அகற்றிய பின்பே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படுமென்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். வெட்டிய கிளைகளை வண்டிப்பாதைவழியே இழுத்துச் செல்லாமல் கட்டித் தூக்கிச் செல்லுமாறும் அதில் சேர்க்கலாம். பிசான அறுவடைக்கு யந்திரங்கள் இறங்கும் முன் இதைச் செய்துவைப்பது நன்று.