கண்ணாடியைக் கழற்றும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்குக் கண்ணாடி அணிந்த இளைஞர் ஒருவர் பெற்றோருடன் வந்து அமரும்போது, பெரும்பாலும் முதலில் பேசுபவர்கள் பெற்றோரே. “பெண் பார்க்க வருகிறார்கள் டாக்டர், அதற்குள் லேசர் செய்து கண்ணாடியை எடுத்துவிடலாமா?” என்று கேட்பார்கள். அல்லது, “ரயில்வே வேலைக்கு எழுதியிருக்கிறான், கண்ணாடி இருந்தால் எடுக்க மாட்டார்களாமே?” என்பார்கள். இவை நியாயமான கேள்விகளே. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இவற்றுக்கு இல்லை. சிலருக்கு நாங்கள் “தாராளமாகச் செய்துகொள்ளலாம்” என்கிறோம். சிலருக்குக் “காத்திருங்கள்” என்கிறோம். சிலருக்கு “வேண்டவே வேண்டாம்” என்கிறோம். அந்த விடைகளுக்கான காரணங்களை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

லேசர் என்ன செய்கிறது?

விழியின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி மூடியைப் போல் அமைந்துள்ள ஒளிபுகும் படலமே கருவிழி. கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியே செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விழிக்கோளம் சற்று நீண்டிருக்கும். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். லேசர் சிகிச்சையில் கருவிழியின் நடுப்பகுதியை மிக நுண்ணிய அளவில் செதுக்கி, அதன் வளைவைத் தட்டையாக்குகிறோம். அப்போது ஒளி சரியான இடத்தில் குவிகிறது.

இதற்குப் பயன்படும் எக்ஸைமர் லேசரின் வரலாற்றில் தமிழ்நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன் என்னும் வேதியியல் அறிஞரே அவர். 1981 நவம்பரில், விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டின்மீது அவர் இந்த லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், வேண்டிய இடம் மட்டும் துல்லியமாக அகன்றிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பே இன்றைய லேசிக் சிகிச்சைக்கு அடித்தளம்.

இச்சிகிச்சையில் மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. லேசிக் முறையில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடலை உண்டாக்கி, அதைத் திறந்து, அடியில் செதுக்கியபின் மீண்டும் மூடுகிறோம். பி.ஆர்.கே. முறையில் மடல் இல்லை. மேற்றோலை நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குகிறோம். இதில் முதல் மூன்று நான்கு நாள்கள் வலியும் கூச்சமும் இருக்கும். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியாகத் திசுவின் ஒரு வில்லை வெளியே எடுக்கப்படுகிறது. மூன்றிலும் நீக்கப்படும் திசு மீண்டும் வளர்வதில்லை. ஆகவே முடிவெடுக்கும் முன் நிதானம் தேவை.

அளவுகளே முடிவு செய்கின்றன

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் உடையது. அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். லேசிக் மடலுக்கு ஏறத்தாழ 110 மைக்ரான் செல்லும். ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க ஏறத்தாழ 14 மைக்ரான் செதுக்க வேண்டியிருக்கும். மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்சியிருக்க வேண்டும். 300க்கு மேல் எஞ்சினால்தான் எங்களுக்கு மனநிறைவு.

540 மைக்ரான் தடிமனும் மைனஸ் 4 பவரும் உள்ளவருக்கு 374 மைக்ரான் எஞ்சும். இது பாதுகாப்பானது. 490 மைக்ரான் தடிமனும் மைனஸ் 8 பவரும் உள்ளவருக்கோ 268 மைக்ரான்தான் எஞ்சும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்த சிகிச்சையை உங்கள் பிள்ளைக்கு ஏன் மறுக்கிறோம் என்பதற்கு இந்தக் கணக்கே விடை. அவ்வாறானவர்களுக்குக் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் வேறு முறைகள் உள்ளன. அவற்றைத் தனியே ஆராய வேண்டும்.

தடிமனோடு வடிவமும் முக்கியம். கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயின் தொடக்க நிலையில் பார்வையில் பெரிய மாற்றம் தெரியாது. கருவிழி வரைபடத்தில் மட்டுமே தென்படும். அந்தக் கண்ணில் லேசர் செய்தால் கருவிழி மேலும் வலுவிழந்து புடைத்து, கண்ணாடியாலும் சரிசெய்ய இயலாத பார்வைக் குறைவு ஏற்படலாம். கண் அரிப்பு ஒவ்வாமையால் சிறு வயது முதலே கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இதை நாங்கள் கூர்ந்து தேடுகிறோம். வரைபடம் எடுக்கும் முன், மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இரண்டு வாரமும், கடினமான லென்ஸ் அணிபவர்கள் நான்கு வாரமும் அதை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையெனில் அளவுகள் பிழையாகும்.

யார் காத்திருக்க வேண்டும்?

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இச்சிகிச்சை கூடாது. இருபத்தொன்று ஆகும்வரை பொறுப்பது நன்று. கண்ணாடியின் பவர் ஓராண்டுக்கு மேல் நிலையாக இருந்திருக்க வேண்டும். கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும். கட்டுக்குள் வராத நீரிழிவு, முடக்குவாதம் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் சார்ந்த நோய்கள், கடுமையான கண் வறட்சி, கருவிழியில் முன்பு வந்த ஹெர்பிஸ் தொற்று ஆகியவை இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

நாற்பதை நெருங்குபவர்களுக்கு

நம் ஊரில் விசைத்தறியில் நூலறுந்ததைப் பார்த்து முடிபவர்களும், மல்லிகை தொடுப்பவர்களும், தையல் வேலை செய்பவர்களும் பலர். அவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டும். நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். ஆனால் மைனஸ் 2, 3 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கிட்டத்தில் இழையைத் தெளிவாகக் காண்பார். இது கிட்டப்பார்வை தரும் ஒரு வசதி. லேசர் செய்து தூரப் பவரை முழுதும் நீக்கினால் அந்த வசதியும் போய்விடும். தூரத்துக்குக் கழற்றிய கண்ணாடியைக் கிட்டத்துக்கு மாட்ட வேண்டிவரும். நாள் முழுதும் கிட்டத்து வேலை செய்பவருக்கு இது இலாபமா இழப்பா என்பதை அவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலைக்காகச் செய்துகொள்பவர்களுக்கு

எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது இவ்வகையினரின் நிலையே. கடன் வாங்கிச் சிகிச்சை செய்துகொண்டபின், அந்தச் சிகிச்சையே தகுதியிழப்புக்குக் காரணமாகிவிட்டது என்று திரும்பி வருபவர்கள் உண்டு. ரயில்வேயின் உதவி ஓட்டுநர் பணிக்குக் கண்ணாடியின்றி 6/6 பார்வை தேவை. லேசிக் செய்துகொண்டவர்கள் அப்பணிக்குத் தகுதியற்றவர்கள். முப்படைகளின் சில பிரிவுகள், வயது, சிகிச்சைக்குப்பின் கழிந்த காலம், கருவிழியின் தடிமன் முதலிய நிபந்தனைகளோடு ஏற்கின்றன. வேறு சில ஏற்பதில்லை. மறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கருவிழி வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதன் அறிவிப்பில் உள்ள மருத்துவத் தகுதிப் பகுதியை அச்செடுத்து எங்களிடம் கொண்டு வாருங்கள். அதைப் படித்த பிறகே பேசுவோம்.

என்ன எதிர்பார்க்கலாம்?

தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் பலன் நன்றாகவே உள்ளது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் பங்கேற்புடன் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தம் பார்வை குறித்து நிறைவு தெரிவித்தனர். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பு கண் வறட்சி இல்லாதவர்களில் 30 விழுக்காடு வரையிலானோருக்கு மூன்று மாதத்தில் வறட்சி தோன்றியிருந்தது. முன்பு எவ்விதப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையிலானோர், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற புதிய தொந்தரவு ஒன்றையேனும் குறிப்பிட்டனர். அன்றாட வேலைக்கே பெரும் இடையூறு என்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இரவில் லாரி, பேருந்து ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும்.

கருவிழியைச் செதுக்குவதால் விழிக்கோளத்தின் நீளம் குறைவதில்லை. ஆகவே அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருக்கும். கண்ணாடி போன பிறகும் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை தேவை. சிகிச்சைக்கு முந்தைய அளவுக் குறிப்புகளை வீட்டுப் பத்திரத்தைப் போல் பாதுகாத்து வையுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் பொருத்தவும், கண் நீரழுத்தத்தைச் சரியாகக் கணிக்கவும் அவை உதவும்.

செலவு குறித்து ஒரு சொல். 7.5 டயாப்டருக்குக் குறைந்த பவருக்கான சிகிச்சையை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்வோர் மறுபரிசோதனைப் பயணங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். ஆடிக்காற்று புழுதியை வாரியிறைக்கும் நாள்களில் புதிதாகச் சிகிச்சை செய்த கண் துன்புறும். ஆடித்தபசுக்கு உறவினர் கூடும் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. சிகிச்சைக்குப்பின் சில வாரங்கள் குளத்திலும் கிணற்றிலும் குளிப்பதும், கண்ணருகே புற்றுமண்ணோ திருநீறோ மையோ இடுவதும் கூடாது. கண்ணைக் கசக்குவது எப்போதும் கூடாது.

முடிவு யாருடையது?

திருமணத்துக்காக அழைத்து வரப்படும் பெண்களிடம் நாங்கள் சிறிது நேரம் தனியே பேசுகிறோம். “எனக்குக் கண்ணாடி ஒரு தொந்தரவாகவே இல்லை, அம்மாவுக்குத்தான் கவலை” என்று சொல்பவர்கள் உண்டு. “பத்து வயதிலிருந்து போட்டிருக்கிறேன், இல்லாமல் இருக்க ஆசையாக இருக்கிறது” என்று கண் மின்னச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு விடைகளும் மதிக்கத் தக்கவையே. கண்ணாடி அணிவது ஒரு குறையன்று. அதைக் கழற்ற விரும்புவதும் தவறன்று. ஆனால் இது உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையன்று. ஆறு மாதம் பொறுத்தாலும் இழப்பு ஏதும் இல்லை. அளவுகள் இடம் தர வேண்டும். அந்தக் கண்ணுக்கு உரியவரின் விருப்பமும் அதோடு சேர வேண்டும். இரண்டும் சேர்ந்த பிறகு வாருங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியவற்றை முடிவு செய்வோம்.