சூரியகாந்தியில் பொக்கு விழுவது ஏன்?
விதை முதல் பூ வரை கவனிக்க வேண்டியவை

சூரியகாந்தி வயல் பூத்து நிற்கும்போது பார்ப்பதற்கு வெகு அழகாக இருக்கும். கொண்டைகள் தாம்பாளம் போல் விரிந்திருக்கும். ஆனால் அறுவடை செய்து தட்டிப் பார்த்தால், சில வயல்களில் பெரும்பகுதி பொக்காக இருக்கிறது. சாக்கு நிறைகிறது, தராசில் எடை நிற்பதில்லை. இதற்குக் காரணம் பூத்த பிறகு மட்டும் ஏற்படுவதன்று. விதை முளைப்பது முதல் பூ விரிவது வரை செடியின் வளர்ச்சியைத் தெரிந்துகொண்டால், இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர், ரஷ்யாவில் எண்ணெய் வித்தாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டு, 1969-ஆம் ஆண்டில் அங்கிருந்து நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது.

முளைப்பு

அறுவடையான புது விதையை உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. அதற்குச் சுமார் 45 நாட்கள் உறக்க காலம் உண்டு. விதையை 3 செ.மீ. ஆழத்தில், குத்துக்கு இரண்டாக ஊன்ற வேண்டும். ரகங்களுக்கு 45 x 30 செ.மீ., வீரிய ஒட்டு ரகங்களுக்கு 60 x 30 செ.மீ. இடைவெளி தேவை. ஈரம் பட்டதும் முதலில் வேர் கீழே இறங்கும். பிறகு இரண்டு விதையிலைகள் மண்ணைப் பிளந்து மேலே வரும். மேல்மண் பொருக்குத் தட்டினால் முளை வெளிவர முடியாமல் மடங்கிவிடும். ஆகவே 4, 5 நாட்களில் உயிர்த் தண்ணீர் விட வேண்டும்.

பத்தாம் நாள் குத்துக்கு ஒரு செடி மட்டும் விட்டு மற்றதைக் களைந்துவிட வேண்டும். முளைத்த செடியைப் பிடுங்க மனம் வராமல் இரண்டையும் விட்டால், இரண்டு கொண்டைகளும் சிறுத்துப் போகும்.

மொட்டுப் பருவம்

ஏறத்தாழ 30 நாட்களில் நுனியில் மொட்டு தெரியும். ஆனால் ஒரு கொண்டையில் எத்தனை சிறுபூக்கள் இருக்கும் என்பது, மொட்டு கண்ணில் படும் முன்பே குருத்துக்குள் முடிவாகத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சமயத்தில் களை மண்டினாலோ, ஈரம் குறைந்தாலோ, உரம் தாமதமானாலோ பூக்களின் எண்ணிக்கை குறையும். பின்னர் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அது திரும்பி வராது. எனவே 15, 30 ஆகிய நாட்களில் களையெடுப்பதையும், மேலுரம் இடுவதையும் தள்ளிப் போடக் கூடாது.

சூரியனை நோக்கித் திரும்புவதும் இந்த இளம் பருவத்தில்தான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகமாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து மீண்டும் கிழக்கே திரும்புகிறது. பூ விரிந்து தண்டு முற்றியதும் இந்த அசைவு நின்று, கொண்டை கிழக்கு நோக்கியே நிற்கும். காலை வெயிலில் பூ விரைவில் சூடேறுவதால் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

பூப்பருவம்

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்கள் சேர்ந்த கொண்டையாகும். ஓரத்தில் உள்ள மஞ்சள் இதழ்கள் மணி பிடிக்காதவை. தேனீக்களை அழைப்பதே அவற்றின் வேலை. உள்ளே இருக்கும் சிறுபூக்களே மணியாகின்றன. இவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை விரிகின்றன. ஒவ்வொரு சிறுபூவும் முதலில் மகரந்தத் தூளை வெளியிடும். சூல்முடி அடுத்த நாள்தான் விரியும். அத்துடன் பல ரகங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் எளிதில் பயன்படுவதில்லை. வேறு செடியின் தூள் வந்து சேர வேண்டும். வீரிய ஒட்டு ரகங்களில் இக்குறை சற்றுக் குறைவு.

தூள் வந்து சேராத பூவிலும் மேலோடு மட்டும் வளர்ந்துவிடும். வெளியில் பார்த்தால் நல்ல மணி போலவே இருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே பருப்பு இராது. இதுவே பொக்கு.

செய்ய வேண்டியவை

1. ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டிகள் வைக்கலாம். பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது, தேனீக்கள் அடங்கிய பின் மாலையில் தெளிக்கலாம்.

2. தேனீ குறைவாக இருந்தால், காலை 9 மணி முதல் 11 மணிக்குள் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, கொண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகத் தடவிச் செல்ல வேண்டும். அருகருகே உள்ள இரு கொண்டைகளை முகத்தோடு முகம் சேர்த்தும் தேய்க்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முறை செய்ய வேண்டும். ஒரே நாளில் முடித்துவிட்டால், நடுவில் பின்னால் விரியும் பூக்கள் வீணாகும்.

3. ஓர இதழ்கள் விரியும் சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துக் கொண்டை நனையும்படி தெளிக்க வேண்டும். போரான் சத்துக் குறைவும் பொக்குக்கு ஒரு காரணமாகும்.

4. மொட்டு, பூ, மணி முற்றும் பருவங்களில் நிலம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு நிலத்தில் குடும்பத்தார் கையால் தடவுவதற்குத் தேவைப்படுவது ஒரு முழத் துணியும் ஐந்து காலை வேளைகளும்தான். அதைச் செய்த வயலில் கொண்டையின் நடுப்பகுதி வரை மணி திரண்டு, சாக்கு நிறைவதோடு தராசும் இறங்கும்.