கர்ப்பத்தில் வந்த அம்மை, குழந்தையின் கண்ணில்



கர்ப்பமாகி இரண்டு மாதம். லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்பில் இறங்கிய சிறு தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறது. மூன்று நாளில் எல்லாம் போய்விடும். சூட்டினால் வந்தது என்று விட்டுவிடுகிறோம். அது ரூபெல்லா என்ற அம்மையாக இருக்கலாம். பலருக்குத் தடிப்புகூடத் தெரியாது. தாய்க்குச் சாதாரணம், முதல் மூன்று மாதத்தில் வந்தால் கருவுக்குப் பேராபத்து.

1941ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வந்தார்கள். விசாரித்தால், அநேகமாக எல்லாத் தாய்மார்களுக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த அம்மை வந்திருந்தது. உலகம் இதை அறிந்தது அப்படித்தான்.

குழந்தையின் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிகிறதா? கதவு படாரென்று சாத்தினாலும் திடுக்கிடவில்லையா? பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி, வியர்த்து, பாதியில் விட்டுவிடுகிறதா? எடையும் தலையும் சிறிதாக இருக்கிறதா? கண், காது, இதயம் மூன்றையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்புரைக்கு முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும். பார்வை மூளையில் படியும் காலம் அது. "கொஞ்சம் வளரட்டும்" என்று காத்திருக்கக் கூடாது.

கர்ப்பத்தில் வந்த காய்ச்சலை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருமகள் மேல் பழி வருமென்று பல வீடுகளில் சொல்வதில்லை. அவள் கிரகணத்தில் வெளியே போனதால் வந்ததல்ல இது. இந்தக் குழந்தைகளின் எச்சில், சிறுநீரில் ஓராண்டுகூடக் கிருமி இருக்கலாம். வேறு கர்ப்பிணிகள் ஒதுங்கியிருக்கட்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் உண்டு. அந்தப் பெண் பிள்ளைகள்தான் இன்று நிக்காஹ் வயதில் நிற்கிறார்கள். ஹலாலா என்ற கேள்வி நியாயமானதே. புனேயில் தயாராகும் இதே ஊசியில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் சேர்ந்திருப்பதை இந்தோனேசிய உலமா சபை 2018ல் வெளிப்படையாகவே சொன்னது. மாற்று ஊசி இல்லாத நிர்ப்பந்தத்தில் போடலாம் என்றும் தீர்ப்பளித்தது.

ஊசி போட்டதா என்று தெரியாவிட்டால், நிச்சயம் முடிந்ததுமே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் ஒரு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு இந்த ஊசி கிடையாது. கைக்குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று இலவசமாகப் போடுகிறார்கள்.