முள்பந்துக்கு எப்போது தண்ணீர்?

நர்சரிக்குப் போனால் ரோஜா, செம்பருத்தி எல்லாவற்றையும் தாண்டி ஒரு மூலையில் சின்னச் சின்னத் தொட்டிகளில் முள்பந்துகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விலை கேட்டால் கடைக்காரர் கூடவே ஒன்று சொல்வார்: "இதுக்குத் தண்ணியே வேணாம் தம்பி, சும்மா வச்சாப் போதும்." அது பாதிதான் உண்மை. வாங்கிக்கொண்டு போகிற வீட்டில் நேர் எதிராக நடக்கும். பாவம், காய்ந்துவிடப் போகிறதே என்று தினமும் காலையில் பாட்டில் மூடியில் ஒரு மூடி தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நாளில் செடியின் அடிப்பகுதி பழுப்பாகிக் கொழகொழத்துச் சாய்ந்துவிடும். வீடுகளில் வளரும் கள்ளிகள் தாகத்தால் சாவது அபூர்வம். பெரும்பாலும் அழுகித்தான் சாகின்றன.

ஏன் அழுகுகிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் செடியின் சொந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நர்சரி முள்பந்துகளில் பல, மாமிலேரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோவின் வறண்ட மலைச்சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்பவை. அங்கே மாதக்கணக்கில் ஒரு சொட்டு மழை இருக்காது. கோடையில் திடீரென்று இடியோடு கொட்டித் தீர்க்கும். சரளை மண் என்பதால் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். சில நாட்களில் எல்லாம் பழையபடி காய்ந்து கிடக்கும். வந்தால் வெள்ளம், வராவிட்டால் வறட்சி என்று பல லட்சம் ஆண்டுகளாகப் பழகிய உடம்பு அது. தினம் ஒரு மூடி தண்ணீர் என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

வேரிலிருந்து தொடங்குவோம். பாலைவனச் செடி என்றால் வேர் பாதாளம் வரை போகும் என்று நினைப்போம். பெரும்பாலான கள்ளிகளின் வேர் மேலாகவே படர்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்தில் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளி வளர்கிறது. 12 மீட்டருக்கு மேல் உயரக்கூடியது. அதன் வேர்களில் பெரும்பகுதி சுமார் 10 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் செடியின் உயரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் நாலாபுறமும் ஓடியிருக்கும். பெய்கிற மழை ஆவியாவதற்குள் பிடித்துக்கொள்ள அதுதான் வழி. மழை விழுந்ததும் பழைய வேர்களிலிருந்து மெல்லிய புது வேர்கள் விறுவிறுவென்று முளைத்து, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சும். மண் காய்ந்ததும் அந்த வேர்கள் மடிந்து உதிர்ந்துவிடும். வேலை முடிந்தபின் அவற்றை வைத்திருந்தால் அவை வழியாகவே தண்ணீர் மண்ணுக்குத் திரும்பிப் போய்விடுமே!

உறிஞ்சிய தண்ணீரைத் தண்டு சேமிக்கிறது. சகுவாரோவின் தண்டில் மேலிருந்து கீழாக மடிப்புகள் உண்டு. ஆர்மோனியத்தின் துருத்தி விரிந்து சுருங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்குப் பின் இந்த மடிப்புகளும் அப்படித்தான் விரியும், வறட்சியில் சுருங்கும். தோல் கிழியாமல் உடம்பு பருக்கவும் இளைக்கவும் முடிகிறது. மாமிலேரியாவில் மடிப்புகளுக்குப் பதில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கின்றன. அவை நெருங்கியும் விலகியும் அதே வேலையைச் செய்கின்றன.

அந்தக் குமிழ்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குமிழின் நுனியிலும் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு சின்ன மெத்தை இருக்கும். முட்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. அரியோல் என்று அதற்குப் பெயர். கள்ளிக் குடும்பத்துக்கு இதுதான் அடையாள அட்டை. முட்கள் உண்மையில் உருமாறிய இலைகள். நம் ஊர் வேலிகளில் இருக்கும் சதுரக்கள்ளிக்கும் கொம்புக்கள்ளிக்கும் அரியோல் கிடையாது. அவை ஆமணக்கின் உறவுக்காரர்கள், வேறு குடும்பம். கிள்ளினால் பால் வருவதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது சரிப்படாது. மாமிலேரியாவிலேயே சில இனங்களுக்குப் பால் உண்டு. தவிர, சதுரக்கள்ளியின் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, அதைக் கிள்ளவே கூடாது. உண்மையான கள்ளிகளில் 1,500-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நம் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து கப்பலில் வந்ததுதான். மரங்களில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒல்லிக் கள்ளி மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. அது எப்படிக் கடல் கடந்தது என்று அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைப்பதற்குள் இன்னொரு வேலை. குமிழ்கள் உச்சியிலிருந்து சுருள் சுருளாக இறங்குவது தெரிகிறதா? சில சுருள்கள் வலப்பக்கமாகச் சுழலும், சில இடப்பக்கமாக. இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். பெரும்பாலும் 8-ம் 13-ம் வரும், அல்லது 13-ம் 21-ம் வரும். 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி எண் வரிசை இது. புதுக் குமிழ் ஒவ்வொன்றும், முன்னால் வந்தவற்றுக்கு நடுவே எங்கே இடம் அதிகமோ அங்கே முளைக்கிறது. சுருள் கணக்கு அதிலிருந்து தானாக அமைந்துவிடுகிறது.

இப்போது இரவுக்கு வருவோம். எனக்கு இந்தச் செடியிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். உணவு தயாரிக்க எல்லாச் செடிக்கும் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். மா, வேம்பு எல்லாம் பகலில் திறக்கின்றன. பாலைவன வெயிலில் அப்படித் திறந்தால் கள்ளி பிழைக்காது. அதனால் அது பகல் முழுக்கத் துளைகளை மூடி வைத்து, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் வெயில் இல்லையே, உணவு எப்படித் தயாரிக்கும்? வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அமிலத்திலிருந்து வாயுவை மறுபடி பிரித்து, சூரிய ஒளியில் சமையலை முடித்துவிடும்.

இந்த அதிசயத்துக்கு முதல் தடயங்களில் ஒன்று நம் நாட்டில்தான் கிடைத்தது. மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹேய்ன், ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரங்களில் வாயில் போட்டுப் பார்த்தார். காலையில் புளித்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது. இதை 1813-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. பெயரில் கள்ளி இருந்தாலும் ரணகள்ளி வேறு குடும்பம்தான், ஆனால் அதற்கும் இதே இரவு வேலை உண்டு. நீங்களும் சோதிக்கலாம், வாயால் வேண்டாம். ஆடு மாடுகளுக்கே நஞ்சாகும் பொருள் அந்த இலையில் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் பி.எச். தாள் கேட்டு வாங்குங்கள். விடிந்தவுடன் ஓர் இலையைப் பறித்து நசுக்கி, சாற்றைத் தாளில் தொட்டு எண்ணைக் குறியுங்கள். அதே செடியில் மாலை 4 மணிக்கு இன்னோர் இலை. காலை எண் குறைவாக இருக்கும், அதாவது அமிலம் அதிகம்.

ஓர் இரவில் சேமிக்கிற அமிலம் கொஞ்சம்தான். அதனால் சமையலும் கொஞ்சம், வளர்ச்சியும் கொஞ்சம். சகுவாரோ முளைத்து முதல் எட்டு ஆண்டுகளில் நான்கு செ.மீ. உயர்ந்தாலே பெரிது. உங்கள் முள்பந்து இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறதே என்று உரத்தை அள்ளிப் போடாதீர்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம். மண் தொட்டி நல்லது, அடியில் கட்டாயம் ஓட்டை இருக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்று காபிக் கோப்பையில் வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். ஈரம் தங்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சுத் திணறி மடியும், பூஞ்சை உள்ளே நுழையும். இரண்டு பங்கு பருமணல் அல்லது சலித்த செங்கல் குறுணி, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தால் போதும். கடையில் வாங்கும்போது மேலே வண்ணக் கூழாங்கல் இருந்தால் தொட்டுப் பாருங்கள். சிலவற்றில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் உள்ளே இறங்காது. பெயர்த்து எடுத்துவிடுங்கள். செடியின் உச்சியில் காகிதம்போல் உலர்ந்த பூ இருந்தால் அதுவும் பசையால் ஒட்டியதாக இருக்கலாம். பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து உட்கார்ந்திருக்கிறதே, அது ஒட்டுக்கட்டியது. சிவப்புப் பந்துக்குப் பச்சையம் கிடையாது, தானாகச் சமைக்கத் தெரியாது. கீழே இருக்கும் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளி. அதுதான் உழைத்துச் சோறு போடுகிறது.

தண்ணீர் எப்போது? ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் அடிவரை செருகி, சில நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தாலோ குச்சி ஈரமாக இருந்தாலோ ஊற்ற வேண்டாம். முழுக்கக் காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஆனால் மெக்சிகோ மழை மாதிரி தாராளமாக, அடி ஓட்டையில் வழிகிற வரைக்கும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பிறகு மறுபடி காயும் வரை தொடக் கூடாது. மதுரையின் சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம், தாமதமாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்தி வையுங்கள். மார்கழி, தையில் தண்ணீரை நன்றாகக் குறைத்துவிடுங்கள். சொந்த ஊரில் அது வறண்ட, குளிர்ந்த ஓய்வுக் காலம். அந்த ஓய்வு கிடைத்தால்தான் பூக்கும் வாய்ப்பு கூடும்.

வெளிச்சம் நிறைய வேண்டும். இருட்டு மேசையில் வைத்தால் பந்து வெளிறி, ஒல்லியாக நீண்டு, ஜன்னல் பக்கம் சாயும். நீண்ட பகுதி பிறகு பருக்காது. அதற்காக நர்சரி நிழல்வலையில் இருந்ததை நேராக மொட்டைமாடி வெயிலில் வைத்தாலும் தோல் வெந்து ஆறாத தழும்பு விழும். பாலைவனத்திலும் குட்டிச் சகுவாரோக்கள் பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில்தான் வளர்கின்றன. காலை வெயில் விழும் ஜன்னலோ பால்கனியோ போதும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

குமிழ்களுக்கு இடையில் வெள்ளையாகப் பஞ்சுத் துணுக்குகள் நகர்ந்தால் அது மாவுப்பூச்சி. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து எடுங்கள். இந்தப் பூச்சியின் உறவான காகினீல் பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து, நிலமெல்லாம் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியைத் தென்னிந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். முள் குத்தினால் பிடுங்கிவிடலாம். முயல்காது மாதிரி இருக்கும் கள்ளியின் பொடி முள் மட்டும் கண்ணுக்கே தெரியாது. செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் வரும். தேய்க்கக் கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தால் மாசி, பங்குனி வாக்கில் மாமிலேரியாவின் தலையைச் சுற்றி வளையமாகச் சின்னப் பூக்கள் விரியும். போன ஆண்டு வளர்ந்த குமிழ்களின் இடுக்கிலிருந்து வருவதால்தான் அந்த வளையம். பிறகு குட்டி மிளகாய்போலச் சிவப்புக் காய்கள் தலைகாட்டும். காயை உடைத்தால் கடுகைவிடச் சிறிய விதைகள். ஈரமணலின் மேல் தூவி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் சில வாரங்களில் பச்சைப் புள்ளிகளாக முளைக்கும். முளைக்கிற பருவத்தில் மட்டும் ஈரம் காயக் கூடாது. அந்தப் புள்ளிகள் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். நீங்கள் ஆறாம் வகுப்பில் விதைத்தால் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பூப் பார்க்கலாம். இந்தக் கோடை விடுமுறையிலேயே விதைத்துவிடுங்கள்.