திரும்பி வரும் வரி: சட்டமும் குடும்பமும்

திருவனந்தபுரத்தின் பழைய வணிகப் பகுதியான சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்துள்ளது ஆரியசாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அக்கடைத்தெருவை நாடித் தமிழ் வணிகக் குடும்பங்கள் பல இங்கு வந்து குடியேறின. இத்தகைய பகுதிகளில் வருமான வரி என்பது பெரிய வணிகர்களின் கவலை என்று எண்ணுவது வழக்கம். ஆயின், குடும்ப ஓய்வூதியத்தையும் வங்கி வட்டியையும் கொண்டு வாழும் எளிய இல்லத்தின் வரவு செலவையும் வரிச் சட்டத்தின் ஒரு சொற்றொடர் மாற்றிவிடக் கூடும். அண்மையில் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு விவாதம் இதற்குச் சான்றாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஆரியசாலையில் வாழும் 66 வயதான ஒரு விதவையைக் கற்பனை செய்துகொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருக்குக் குடும்ப ஓய்வூதியமாக 2,40,000 ரூபாயும், வங்கி வைப்புத் தொகைக்கு வட்டியாக 1,20,000 ரூபாயும் கிடைக்கின்றன. மொத்த வருமானம் 3,60,000 ரூபாய். புதிய வரித் திட்டத்தின்படி அவ்வாண்டில் 4,00,000 ரூபாய் வரை வரி இல்லை. எனவே அவர் ஒரு காசும் வரி செலுத்த வேண்டியதில்லை.

எனினும் வங்கி அவருடைய முழு வருமானத்தை அறியாது. தான் தரும் வட்டியை மட்டுமே அறியும். மூத்த குடிமக்களுக்கு வட்டி ஆண்டுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டினால் நூற்றுக்குப் பத்து வீதம் வரி பிடித்தம் செய்வது அதன் கடமை. அதன்படி 12,000 ரூபாய் அரசுக் கருவூலத்தைச் சென்றடைகிறது. தமக்கு வரி இல்லை என்று 15எச் படிவத்தில் முன்னதாகவே எழுதித் தந்திருந்தால் இப்பிடித்தம் நிகழ்ந்திராது. தராத நிலையில், வருமான விவரத்தைத் தாக்கல் செய்தே அத்தொகையைத் திரும்பப் பெற வேண்டும். ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவருக்கு அது பல மாதங்களின் மருந்துச் செலவாகும்.

மசோதாவில் இருந்த ஒரு விதி

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி, பெரும்பாலான தனிநபர்கள் ஜூலை 31ஆம் தேதிக்குள் வருமான விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அத்தேதியைத் தவறவிட்டவர்கள் டிசம்பர் 31 வரை காலங்கடந்த விவரத்தைத் தாக்கல் செய்து, மிகையாகப் பிடிக்கப்பட்ட வரியைக் கோரலாம்.

அச்சட்டத்திற்கு மாற்றாக 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் புதிய வருமான வரி மசோதா அறிமுகம் செய்யப்பட்டது. மொழியை எளிமையாக்குவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் அதில், திரும்பப் பெறும் தொகையைக் கோருவோர் உரிய தேதிக்குள்ளாகவே விவரம் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி இடம்பெற்றிருந்தது. அவ்விதி நிலைத்திருந்தால், நோயினாலோ அறியாமையினாலோ சில நாட்கள் தாமதித்தவர் தம்முடைய பணத்தையே இழக்க நேரும் என்ற அச்சம் எழுந்தது.

மசோதா, பைஜயந்த் பண்டா தலைமையிலான 31 உறுப்பினர் கொண்ட தெரிவுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. ஜூலை 21 அன்று அளிக்கப்பட்ட அறிக்கையில், இவ்விதியை நீக்குமாறு குழு பரிந்துரைத்தது. வரி வரம்புக்குக் குறைவான வருமானம் உடைய சிறு குடிமக்களே இதனால் தண்டனை நடவடிக்கைக்கு ஆளாக நேரிடும் என்பது குழுவின் கருத்து. அரசு ஆகஸ்டு 8 அன்று பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, ஆகஸ்டு 11 அன்று திருத்திய மசோதாவைக் கொணர்ந்தது. அதில் அவ்விதி இல்லை. ஆகஸ்டு 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1 என வகுக்கப்பட்டது.

இரு தரப்பு வாதங்கள்

காலக்கெடுவை வலியுறுத்துவோரின் வாதத்தையும் புறக்கணிக்க இயலாது. கணக்குகள் உரிய காலத்தில் வந்தால்தான் நிர்வாகம் செவ்வனே இயங்கும். பொய்க் கழிவுகளைக் காட்டிப் பணம் திரும்பப் பெறுவோரும் உள்ளனர். 2025 ஜூலையில் இத்தகைய மோசடி குறித்து 150 இடங்களில் வருமான வரித்துறை ஆய்வு நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் தாமாகவே விலக்கிக் கொண்டதாகவும் அத்துறை தெரிவித்தது.

ஆயின் மோசடியைத் தடுப்பது வேறு. தாமதத்தைத் தண்டிப்பது வேறு. சட்டத்தின் அதிகாரம் இன்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. வரியே விதிக்கத்தகாத வருமானத்திலிருந்து பிடிக்கப்பட்ட தொகை அரசின் வருவாய் அன்று. குடிமகனின் பணமே ஆகும். தாமதத்திற்கு ஒரு விலை ஏற்கனவே உண்டு. திருப்பித் தரும் தொகைக்கு அரசு மாதம் அரை விழுக்காடு வட்டி அளிக்கிறது. உரிய நாளில் தாக்கல் செய்தோருக்கு அவ்வட்டி ஏப்ரல் முதல் கணக்கிடப்படும். தாமதித்தோருக்கோ தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். வரி செலுத்தத் தாமதிக்கும் குடிமகனிடம் அரசு வசூலிக்கும் வட்டி மாதம் ஒரு விழுக்காடு என்பதும் இங்குக் கருதத்தக்கது.

வரம்பு உயர்ந்தால் போதுமா?

2025 வரவு செலவுத் திட்டம், புதிய வரித் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானத்திற்கு வரி இல்லை என அறிவித்தது. இதனால் அரசு இழக்கும் நேரடி வரி ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் என நிதியமைச்சர் கூறினார். நடுத்தர மக்களின் நுகர்வு பெருகும் என்றனர் ஆதரித்தோர். வருமான வரி செலுத்தாத பெரும்பான்மையினருக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை என்றனர் மறுத்தோர். சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் தொழிலாளி பொருளின் விலையோடு சேர்த்துச் செலுத்தும் வரி, அவருக்கு ஒருபோதும் திரும்பி வருவதில்லை.

இவ்விவாதத்தில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. வரி இல்லை என்பதற்குப் பிடித்தமும் இல்லை என்பது பொருள் அன்று. வரி விலக்கு வரம்பு உயரும்போது, பிடித்தம் செய்யும் வரம்பும் உடன் உயராவிடில், வரி செலுத்தத் தேவையில்லாத பலரின் பணம் சில காலம் கருவூலத்தில் தங்கும். மூத்த குடிமக்களின் வட்டிக்கான பிடித்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகவும், மற்றவர்களுக்கு 40,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது இதனாலேயே வரவேற்கத்தக்கதாயிற்று.

குடும்பங்கள் செய்ய வேண்டுவன எளியவையே. ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் உரிய அறிவிப்புப் படிவத்தைத் தருதல். பிடிக்கப்பட்ட வரி தம் நிரந்தரக் கணக்கு எண்ணில் பதிவாகியுள்ளதா எனப் பார்த்தல். காலக்கெடுவுக்குள் விவரம் தாக்கல் செய்தல். வரி விகிதங்களைப் பற்றிய விவாதம் ஆண்டுதோறும் எழும், அடங்கும். ஆனால் மிகையாகப் பெற்றதைத் தடையின்றித் திருப்பித் தருவதில்தான் வரி நிர்வாகத்தின் மீது எளிய குடிமக்கள் கொள்ளும் நம்பிக்கை நிலைபெறும்.