எலிக்குத்தானே வைத்தேன்!

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு கொலை நடந்துவிட்டது. போலீசுக்குச் சொல்லவில்லை. இறந்தது ஓர் அணிற்பிள்ளை.

உக்கிராண அறையில் எலி உபத்திரவம் தாங்கவில்லை என்று அத்தை ஒரு பொறி வாங்கிவரச் சொன்னாள். கம்பி படீரென்று அடித்து, அந்த இடத்திலேயே காரியத்தை முடித்துவிடும் ரகம். இரவு அதில் அரை மசால் வடையைச் செருகி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்தாள். எலி வரவில்லை. காலையில் காப்பி போடும் அவசரத்தில் பொறியை எடுத்து வைக்க மறந்துவிட்டாள். எட்டு மணிக்குச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தினமும் அவள் போடும் அரிசியைத் தின்ன வரும் அணில்!

அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எலிக்குத்தானேடா வைத்தேன்!" என்றாள்.

வாஸ்தவம். ஆனால் அது பொறிக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் வடை அசைந்தது என்பது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மனிதன் உத்தரவில்லாமல் தானாகவே ஆளைத் தேடிக் கொல்லும் ஆயுதங்கள் வருகின்றனவாமே, அதைப் பற்றி எழுதுங்கள்" என்றார். விஷயத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அத்தையின் பொறி ஞாபகமாகவே இருந்தது.

இந்த ஆயுதக் குடும்பத்தில் மூத்தது கண்ணிவெடி. மண்ணுக்குள் புதைத்த எலிப்பொறி என்றே சொல்லலாம். மேலே பாரம் விழுந்தால் வெடிக்கும். விழுந்தது சிப்பாயின் பூட்ஸா, விறகு பொறுக்க வந்த பெண்ணின் பாதமா என்பது அதற்குத் தெரியாது. இலங்கையில் யுத்தம் 2009-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் பல வருஷங்கள், யாழ்ப்பாணம் போகும் பாதையில் உள்ள முகமாலையில், தமிழ்ப் பெண்கள் முகக் கவசம் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிக் கண்ணிவெடிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் போரில் கணவனைப் பறிகொடுத்தவர்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. வெடியை வைத்தவர்களின் சண்டை ஓய்ந்துவிட்டது. வெடிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

கண்ணிவெடியாவது வைத்த இடத்தில் கிடக்கும். இப்போது வருபவை பறந்து போய்த் தேடுகின்றன. இஸ்ரேலில் செய்த 'ஹார்ப்பி' என்ற ஆயுதம் புதிதல்ல. முப்பது வருஷமாக இருப்பது. ஆகாயத்தில் மணிக்கணக்காக வட்டமிட்டு, பகைவரின் ரேடார் அலை எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்து, அதன் மேல் போய் விழுந்து வெடிக்கும். உக்ரேன் யுத்தத்தில் இந்த வித்தை இன்னும் முன்னேறியது. டிரோன் என்னும் ஆளில்லா விமானத்தை ரேடியோ மூலம் ஒருவர் ஓட்டுகிறார். எதிரி அந்த ரேடியோத் தொடர்பைக் கெடுத்துவிடுகிறான். அப்புறம் என்ன செய்வது? கடைசிக் கட்டத்தில் குறியைத் தானே பிடித்துக்கொள்ளும்படி டிரோனுக்குள்ளேயே ஒரு 'மூளை'யை வைத்துவிட்டார்கள். இப்படித்தான், யாரும் பெரிய சபை கூட்டித் தீர்மானிக்காமலே, முடிவெடுக்கும் வேலை சிறிது சிறிதாக யந்திரத்தின் கைக்குப் போகிறது.

"பக்கத்தில் ஒரு மனிதரை உட்கார்த்தி வைத்து, அவர் சம்மதித்தால்தான் சுடலாம் என்று செய்துவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2003-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி. இராக் யுத்தம் தொடங்கி நாலாவது நாள். பிரிட்டிஷ் விமானப் படையின் 'டொர்னாடோ' விமானம் ஒன்று வேலையை முடித்துக்கொண்டு குவைத்திலுள்ள தன் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே காவலிருந்த அமெரிக்க 'பேட்ரியட்' ஏவுகணை யந்திரம் அதைப் பார்த்து, "ரேடாரைத் தாக்க வரும் பகைவரின் ஏவுகணை" என்று திரையில் காட்டியது. பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள், பயிற்சி பெற்றவர்கள்தான். யோசிக்க அவர்களுக்குக் கிடைத்தது சுமார் ஒரு நிமிஷம். யந்திரம் சொன்னதை நம்பிச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் மாண்டார்கள், சொந்தக் கட்சிக்காரர்களின் கையாலேயே. பத்து நாள் கழித்து அதே ரக யந்திரம் ஓர் அமெரிக்க விமானத்தையும் வீழ்த்தி, அதன் விமானியைக் கொன்றது. சம்மதம் கேட்கத்தான் கேட்டது. ஆனால் ஒரு நிமிஷ அவகாசத்தில் கேட்கும் சம்மதம் என்ன சம்மதம்?

மனிதன் மட்டும் ரொம்ப ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 1988 ஜூலை 3-ந் தேதி பாரசீக வளைகுடாப் பக்கத்தில் 'வின்சென்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க் கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரானியப் பிரயாணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டார்கள். அவர்களில் அறுபதுக்கு மேல் குழந்தைகள். கப்பலின் கம்ப்யூட்டர், விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று சரியாகத்தான் பதிவு செய்திருந்தது. சண்டைப் பதற்றத்தில் இருந்த மனிதர்கள், அது தங்களை நோக்கி இறங்கி வருவதாக எண்ணிவிட்டார்கள். யந்திரங்களுக்காக வாதாடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொன்னால் அதை மறுக்க முடியாது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ருஷ்யர் நிற்கிறார்.

அவர் பெயர் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ்; சோவியத் ராணுவத்தில் லெப்டினண்ட் கர்னல். 1983 செப்டம்பர் 26, நடுநிசி தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலவறையில் அவர் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் சுற்றும் சோவியத் துணைக்கோள்கள், அமெரிக்காவிலிருந்து ஓர் அணு ஏவுகணை கிளம்பிவிட்டது என்று அலறின. பிறகு இன்னொன்று, ஆக மொத்தம் 5. மேலிடத்துக்கு, "தாக்குதல் வருகிறது" என்று டெலிபோனில் சொல்ல வேண்டியது அவர் கடமை. பெட்ரோவ் யோசித்தார். உலக யுத்தத்தைத் தொடங்குகிறவன் 5 ஏவுகணையோடா தொடங்குவான்? தரையிலுள்ள ரேடார்களும் ஒன்றையும் காட்டவில்லை. யந்திரம் பொய் சொல்கிறது என்று தீர்மானித்து, அப்படியே மேலிடத்துக்கும் சொன்னார். சொல்லிவிட்டு, நிஜமாகவே ஏதாவது வந்து விழுகிறதா என்று காத்திருந்தார். அந்த நிமிஷங்களை நினைத்துப் பாருங்கள்! ஒன்றும் விழவில்லை. உயரத்து மேகங்களின் மேல் பட்ட சூரிய வெளிச்சத்தைத்தான் துணைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது.

சந்தேகப்படுவதற்குக் கொஞ்சம் நேரமும், சந்தேகப்பட ஓர் ஆளும் அன்று இருந்ததால் பிழைத்தோம்.

அத்தை இப்போது கூண்டுப் பொறி வாங்கிவிட்டாள். அகப்பட்டது எலியா, அணிலா என்று காலையில் எட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். ஜெனீவாவில் 2014 முதல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, "மனிதக் கட்டுப்பாடு" என்று பேசிவருவதும் ஏறக்குறைய இந்தக் கூண்டைப் பற்றித்தான். 2017, 2018-ம் வருஷங்களில் அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டு ராஜதந்திரி அமன்தீப் சிங் கில். 2019-ல் 11 கொள்கைகளுக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். பொறுப்பு எப்போதும் மனிதனைச் சேர்ந்தது, அதை யந்திரத்தின் தலையில் கட்ட முடியாது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் இவை கொள்கைகள்தாம், சட்டமல்ல. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் போச்சு.

ஆகவே விஷயம் ஐ.நா. பொதுச் சபைக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் இந்த ஆயுதங்களைப் பற்றி வந்த முதல் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. 4 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்த நாலில் இந்தியாவும் ஒன்று! அடுத்த வருஷம் 166 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா எந்தப் பக்கமும் சேராமல் நின்றுகொண்டது. ஜெனீவாவே இதற்குச் சரியான இடம், கட்டாயச் சட்டத்துக்கு இன்னும் காலம் வரவில்லை என்பது நம் சர்க்காரின் வாதம். பெரிய ராணுவம் வைத்திருக்கும் நாடுகள் கையெழுத்திடாத சட்டத்தில் நாம் மட்டும் கட்டுண்டு கிடப்பதா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமில்லாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். 1997-ல் வந்த கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் அமெரிக்கா, ருஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஒன்றுமே சேரவில்லை. 2025-ல் பின்லாந்து, போலந்து, பால்டிக் நாடுகள் மூன்று ஆகியவை அதை விட்டு விலகவும் முடிவு செய்தன. ஆனாலும் அந்த உடன்படிக்கை இல்லாதிருந்தால் இன்று எத்தனை வயல்களில் கால் வைக்க முடியாதோ! இலங்கை 2017-ல் அதில் சேர்ந்தது.

எழுதி முடித்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணிவெடிக்குப் பெருமூச்சு விட்டாள். ஐ.நா. வாக்குக் கணக்கில் கொஞ்சம் கொட்டாவி விட்டாள்.

"அந்த ருஷ்யாக்காரருக்கு மெடல் ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்டாள்.

"அவர் ஊரில் இல்லை, அத்தை. வெகு காலம் கழித்து, 2013-ல், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் ஒரு பரிசு கொடுத்தார்கள். 2017-ல் காலமாகிவிட்டார். சம்பவம் நடந்த சமயத்தில் மேலதிகாரிகள் அவரைக் கண்டித்தார்களாம்."

"எதற்கு?"

"அன்று இரவு நடந்ததை உடனுக்குடன் நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லையாம். ஒரு கையில் டெலிபோன், இன்னொரு கையில் மைக், எழுத மூன்றாவது கை இல்லையே என்று அவர் பதில் சொன்னாராம்."

"நன்றாகக் கேட்டார்!" என்று சொல்லிவிட்டு, அத்தை கூண்டில் வடை வைக்கப் போனாள்.